கோழித்தோலும் ஒரு வாளி பிளீச்சிங் பவுடரும்

கொங்குப் பகுதியின் சிறு நகரம் ஒன்றில் கோழிக்கடை நடத்தும் வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். அப்பா காலத்தில் நாளுக்கு முப்பது கோழி வெட்டிய கடை. இப்போது அண்ணன் தம்பி இருவரும் மூன்று உதவியாளர்களுமாக 300 பிராய்லர் வெட்டி நான்கு ஓட்டல்களுக்கு அனுப்புகிறார்கள். மூன்று ஓட்டல்கள் குழம்புக்கும் பிரியாணிக்கும் தோல் உரித்த கறி வாங்குகின்றன. நான்காவது ஓட்டல் கிரில் போடுவதால் தோலோடு முழுக்கோழி கேட்கிறது. சென்ற மாதம் அந்த ஓட்டல்காரர் ஒரு கோழியைத் தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்; தோலில் வயிற்றுப்போக்கு வரவைக்கும் சால்மொனெல்லா கிருமி இருப்பதாக அறிக்கை வந்துவிட்டது. இருபது நாளில் சுத்தமான அறிக்கை வராவிட்டால் வேறு கடை பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அதன்பிறகு வாசகர் சரியாகத் தூங்கவில்லை என்பது கையெழுத்திலேயே தெரிகிறது. பிளீச்சிங் பவுடரோடு வினிகர் கலந்த தண்ணீரில் கோழியை முக்கி எடுக்கும்படி உறவினர் ஒருவர் யோசனை சொல்ல, கலக்கிப் பார்த்த தம்பிக்குக் கண் எரிந்து, அரைமணி நேரம் இருமல் நிற்கவில்லை. மஞ்சளும் கல்லுப்பும் போதும் என்கிறார் அம்மா. கிருமி கொல்லும் ஓசோன் இயந்திரம் விற்க வந்தவர் இரண்டரை லட்சம் கேட்கிறார். ஊசி போட்டு வளர்த்த கோழி என்பதால்தான் இந்தக் கிருமி வந்ததா என்பது ஒரு கேள்வி. கடைசிக் கேள்வியை மட்டும் அடித்து அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறார்: "ஆய்வகத்துக்குக் கொடுக்கும் கோழியை மட்டும் மருந்துத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்துக் கொடுத்தால் தப்பா, டாக்டர்?"

உங்கள் தம்பியிலிருந்து தொடங்குகிறேன். அந்த வாளியிலிருந்து கிளம்பியது குளோரின் வாயு. 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே பதுங்குகுழிகளில் இருந்த வீரர்கள் மீது ஜெர்மானியர்கள் திறந்துவிட்டார்களே, அதே வாயு. பிளீச்சிங் பவுடரோடு வினிகர், எலுமிச்சை, கழிப்பறை கழுவும் அமிலம் எது சேர்ந்தாலும் இதுதான் நடக்கும். தம்பிக்கு இருமலோ மூச்சு வாங்குவதோ இன்னும் இருந்தால் இன்றே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்; என்ன கலந்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உறவினரின் யோசனையை இத்தோடு விட்டுவிடுங்கள்.

ஊசிக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன். பிராய்லர் வேகமாக வளர்வது இனத்தேர்வாலும் தீவனத்தாலும். ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஹார்மோன் ஊசி போட எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. சால்மொனெல்லாவும், அதைப்போலவே வயிற்றைக் கெடுக்கும் கம்பைலோபாக்டர் என்ற கிருமியும் கோழியின் குடலில் சத்தமில்லாமல் குடியிருப்பவை. கோழிக்கு ஒன்றும் செய்யாது. நடை, தீனி, கொண்டை எல்லாம் நன்றாகவே இருக்கும். கம்பைலோபாக்டருக்கு மிகவும் பிடித்த வெப்பம் 42 டிகிரி. கோழியின் உடல்சூடும் ஏறக்குறைய அதுதான். நாட்டுக்கோழியின் குடலிலும் இவை இருக்கும். வாடை பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. வாடை வரவைக்கும் கிருமிகள் வேறு, வயிற்றுப்போக்கு வரவைக்கும் கிருமிகள் வேறு.

தோலுக்குள் கிணறுகள்

கிருமி தோலின் மேல் தூசி மாதிரி படிந்திருக்கிறது, ஒரு நல்ல மருந்துத் தண்ணீரில் அலசினால் போய்விடும் என்று நினைக்கிறீர்கள். உங்கள் கடிதம் முழுவதும் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. எண்ணமே தவறு.

இறகு பிடுங்கிய கோழித்தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இறகு இருந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு குழி தெரியும். கிருமியின் அளவோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. அதற்கு அந்தக் குழி ஒரு கிணறு. கோழியை வெந்நீரில் முக்கும்போது தோலின் மேல் ஒரு நீர்ப்படலம் ஏறுகிறது. தண்ணீரில் என்ன கிருமி இருக்கிறதோ அது முதலில் இந்தப் படலத்தில் மிதக்கிறது, பிறகு தோலின் மடிப்புக்கும் இறகுக்குழிக்கும் இறங்குகிறது. நேரம் போகப்போகப் பிடிப்பு இறுகும். இறகு பிடுங்கிய கையோடு நல்ல தண்ணீரைப் பீய்ச்சினால் பெரும்பகுதி போய்விடும். அதே கிருமி ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் பீய்ச்சினாலும் போகாது. குழிக்குள் கொழுப்பும் சேர்ந்திருப்பதால் மருந்தும் உள்ளே எட்டாது.

இதில் கசப்பான செய்தி ஒன்று உண்டு. வாங்கும்போது ஒரு கோழியில் மட்டும் இருந்த கிருமியை நீங்கள் சுத்தம் செய்யும் தண்ணீரே மற்ற கோழிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. காலையில் கொதிக்க வைத்த ஒரே அண்டாவில் தோலோடு கொடுக்கும் கோழிகள் எல்லாம் முங்கி எழுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு கோழியும் காலிலும் இறகிலும் எச்சத்தோடுதான் வரும். நூறாவது கோழிக்கு அது வெந்நீர் இல்லை, எச்சக் கரைசல்.

அண்டாவிலிருந்து ஐஸ் வரை

ஆகவே முதலிலிருந்து வரிசையாகப் போகலாம். கோழி கடைக்கு வந்த பிறகு கூண்டில் தீனி போடுகிறீர்களா என்று எழுதவில்லை. எடை குறையக்கூடாது என்று பல கடைகளில் விடியற்காலையில்கூட மக்காச்சோளம் போடுவதைப் பார்த்திருக்கிறேன். வெட்டுவதற்கு முன் 8 முதல் 12 மணி நேரம் தீனி இருக்கக்கூடாது, தண்ணீர் கொடுக்கலாம். தீனிப்பையும் குடலும் நிறைந்திருந்தால் கத்தி பட்ட இடத்திலெல்லாம் கிழியும். அதற்காக ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடுவதும் சரியில்லை. பசித்த கோழி கூண்டில் கிடக்கும் எச்சத்தைக் கொத்தித் தின்னும், குடல்சுவரும் மெலிந்து எளிதில் கிழியும்.

கழுத்தறுத்த கோழி இரண்டு மூன்று நிமிடம் தலைகீழாகத் தொங்கி, முழுவதுமாக இரத்தம் வடிந்து, அசைவு நின்ற பிறகுதான் அண்டாவுக்குப் போகவேண்டும். உயிர் மிச்சமிருக்கும் கோழி வெந்நீருக்குள் மூச்சு இழுக்கும். அழுக்குத் தண்ணீர் நுரையீரலுக்கும் காற்றுப்பைக்கும் போய்விடும். பாவம் என்பது ஒருபுறம் இருக்க, அந்தத் தண்ணீரை எந்த மருந்தாலும் பிறகு வெளியே எடுக்க முடியாது.

இனி அண்டா. இரண்டரை லட்சத்து இயந்திரத்துக்கு முன்னால் சில நூறு ரூபாயில் ஒரு வெப்பமானி வாங்குங்கள். உங்கள் கடையில் இல்லாத முக்கியமான கருவி அதுதான். தண்ணீர் 58 முதல் 60 டிகிரிக்குள் இருக்கவேண்டும், கோழி ஒன்றிலிருந்து ஒன்றரை நிமிடம் அதில் இருந்தால் போதும். பத்துப் பதினைந்து கோழி முக்கியதுமே வெப்பம் இறங்கத் தொடங்கும். 52 டிகிரிக்கு வந்துவிட்டால் சால்மொனெல்லா அதில் சௌகரியமாகப் பிழைத்துக்கொள்ளும். எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் தண்ணீரைச் சற்றே அமிலமாக்குகிறது. அந்த நிலையில் இந்தக் கிருமிகளுக்குச் சூட்டைத் தாங்கும் சக்தி இன்னும் கூடுகிறது. அதனால் வெப்பத்தைக் காப்பது பாதி வேலை, தண்ணீரை மாற்றுவது மீதி. பெரிய ஆலைகளில் கோழி ஒரு பக்கம் போக, புதுத்தண்ணீர் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். உங்களுக்கு அது முடியாது. இரண்டு அண்டா வையுங்கள். முதலாவதில் அழுக்கு போகட்டும், இரண்டாவதில் தோல் பதமாகட்டும். ஐம்பது கோழிக்கு ஒருமுறை முதல் அண்டாவைக் கொட்டிவிட்டு இரண்டாவதை அதன் இடத்துக்கு நகர்த்துங்கள். ஐம்பது என்பது சட்டக்கணக்கு இல்லை, உங்கள் கடையின் அளவுக்கு நான் சொல்லும் தொடக்கம். எரிவாயுச் செலவு கூடும், உண்மைதான்.

இறகு பிடுங்கும் மெஷினில் ரப்பர் விரல்கள் கோழியின் வயிற்றை அழுத்தும்போது உள்ளேயிருக்கும் எச்சம் பிதுங்கித் தோலெங்கும் தெறிக்கிறது. வெந்நீரில் குறைந்த கம்பைலோபாக்டர் இந்த இடத்தில் மறுபடி ஏறுவதைப் பல நாட்டு ஆலைகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். மெஷின் ஓடும்போது மேலிருந்து நல்ல தண்ணீர் தொடர்ந்து விழவேண்டும். வெடித்த விரல்களைக் கழற்றிப் போடுங்கள். அந்த வெடிப்புக்குள் கிருமி வாரக்கணக்கில் வாழும். வெளியே எடுத்த கோழியைக் குவித்து வைக்காமல் அப்போதே பீய்ச்சிக் கழுவுங்கள். மேலே சொன்ன பிடிப்பு இறுகுவதற்குள் கழுவும் கழுவலுக்குத்தான் மதிப்பு.

குடல் எடுப்பதை மேசையில் கிடத்திச் செய்யாமல் கொக்கியில் தொங்கவிட்டுச் செய்யுங்கள். கழுத்தறுக்கும் ஆளும் கத்தியும் வேறு, குடல் எடுக்கும் ஆளும் கத்தியும் வேறாக இருக்கட்டும். குடல் கிழிந்து கறியில் பட்டால் கழுவாதீர்கள். பட்ட இடத்தை வெட்டி எறியுங்கள். ஐம்பது கிராம் போகும், போகட்டும்.

கடைசியாகக் குளிர். காலை 6 மணிக்கு வெட்டிய கோழி பாலிதீன் பையில் கட்டப்பட்டு நண்பகலில்தான் கிரில் அடுப்பைப் பார்க்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல வெப்பத்தில் சால்மொனெல்லா அரைமணி நேரத்துக்குள் இரட்டிப்பாகும். காகிதக் கணக்கில் ஆறு மணி நேரத்தில் ஒன்று நாலாயிரம். குடல் எடுத்ததும் ஐஸ் போட்ட தண்ணீர், பிறகு தண்ணீர் வடிய விட்டு, நான்கு மணி நேரத்துக்குள் கறியின் உட்புறம் 4 டிகிரிக்கு இறங்கவேண்டும். ஓட்டலுக்கு ஐஸ் பெட்டியில்தான் போகவேண்டும். ஐஸ் குடிநீரில் செய்ததுதானா என்று விசாரித்து வாங்குங்கள். மீன் சந்தைக்கு வரும் கட்டி ஐஸ் வேண்டாம்.

குளோரின், ஓசோன், மஞ்சள்

அமெரிக்காவில் கோழியைக் குளோரின் தண்ணீரில் முக்குகிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மை. குளிர்விக்கும் தண்ணீரில் 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 50 பங்கு) வரை அங்கே அனுமதி. இப்போது அங்கே பல ஆலைகள் பெரசெடிக் அமிலம் என்ற இன்னொரு கிருமிநாசினிக்கு மாறிவிட்டன. இரத்தமும் கொழுப்பும் கலந்த தண்ணீரில் குளோரினைவிட அது நன்றாக வேலை செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியமோ 1997இலிருந்து இப்படிக் கழுவிய கோழியை உள்ளேயே விடுவதில்லை. குளோரின் நஞ்சு என்பதால் மறுக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இத்தகைய நான்கு மருந்துகளைப் பரிசீலித்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, சாப்பிடுகிறவர் உடலுக்கு அவற்றால் கேடில்லை என்றே 2005இல் சொன்னது. கடைசியில் மருந்து இருக்கிறது என்ற தைரியத்தில் பண்ணையிலும் ஆலையிலும் அழுக்கைச் சகித்துக்கொள்வார்கள் என்பதுதான் ஒன்றியத்தின் வாதம். எனக்கு அந்த வாதம் பாதி சரியென்று படுகிறது. ஆனால் ஸ்வீடனைப்போலப் பண்ணையிலேயே சால்மொனெல்லாவை ஒழிக்க அரை நூற்றாண்டு உழைத்த நாடு மருந்து வேண்டாம் என்று சொல்லலாம். 1953இல் ஆல்வெஸ்டா ஊரின் இறைச்சிக்கூடத்திலிருந்து பரவிய சால்மொனெல்லாவால் ஒன்பதாயிரம் பேர் நோயுற்று, தொண்ணூறு பேர் இறந்த பிறகு அவர்கள் எடுத்த முடிவு அது. கூண்டு கூண்டாக யாரோ வளர்த்த கோழியை வாங்கும் உங்களுக்கு அந்த வசதி இல்லை.

எனவே குளோரினை அதற்குரிய இடத்தில் வைத்துப் பாருங்கள். குழிக்குள் இறங்கிய கிருமியை அது பெரிதாகத் தொடாது. நன்றாகச் செய்தால் தோலில் பத்தில் ஒன்பது பங்கு குறையலாம். கேட்கப் பெரிதாக இருக்கும். லட்சம் இருந்த இடத்தில் பத்தாயிரம் மிச்சம் என்று பொருள். 1981இல் ராபின்சன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வெறும் 500 கம்பைலோபாக்டரைப் பாலில் கலந்து தானே குடித்து நோயுற்றுக் காட்டினார். தண்ணீரில் மிதக்கும் கிருமியைக் கொன்று ஒரு கோழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகாமல் தடுப்பதில்தான் குளோரினின் பயன் இருக்கிறது. குளிர்த்தொட்டியில் அது காவல்காரன், மருத்துவன் இல்லை.

புதிய பிளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய 30 சதவீதம் குளோரின் இருக்கும்; 100 லிட்டருக்கு 10 கிராம் போட்டால் 30 பிபிஎம் வரும். மூட்டை பிரித்து மாதக்கணக்கில் கிடந்தால் பாதிகூட இருக்காது. இரத்தம் கலந்த தண்ணீரில் போட்டால் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். மேசை, கத்தி, கொக்கி, தரை ஆகியவற்றைச் சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகு 200 பிபிஎம்மில் அலசுவதற்கு இதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கறியின் மேல் படும் தண்ணீரில் எந்த மருந்து சேர்ப்பதாக இருந்தாலும், எது, எவ்வளவு என்று உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத கேனில் வரும் பெரசெடிக் அமிலம் வேண்டவே வேண்டாம். கண்ணும் மூக்கும் போய்விடும்.

ஓசோன் நல்ல கிருமிநாசினிதான். சுத்தமான தண்ணீரில். இரத்தத் தண்ணீரில் அதன் ஆயுள் மிகக் குறைவு. அண்டாவையும் ஐஸையும் சரிசெய்த பிறகு பணம் மிஞ்சினால் யோசிக்கலாம். அப்போது தேவைப்படாது என்று நினைக்கிறேன். அம்மாவிடம் மஞ்சளைப் பற்றி வாதாடாதீர்கள். தடவட்டும், கவுச்சி போகும், நிறம் வரும். கிருமிக்கு அது போதாது என்று நீங்கள் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

குழம்புக்குப் போகும் மூன்று ஓட்டல்களின் கறியை நீங்கள் இறகோடு தோலை உரித்துக் கொடுப்பதால் அந்தக் கோழிகள் அண்டாவுக்கும் மெஷினுக்கும் போவதே இல்லை. அதுவரை நல்லது. இறகைப் பிடித்த கையே கறியையும் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்ன செலவெல்லாம் கிரில் ஓட்டலுக்குப் போகும் கோழிகளுக்கு மட்டும்தான் என்பது உங்களுக்குச் சற்று ஆறுதலாக இருக்கும். தோலோடு கொடுப்பவற்றை முதலில், புதுத்தண்ணீரில் முடித்துவிடுங்கள்.

அறிக்கையும் சட்டமும்

அந்தக் கடைசிக் கேள்வி. தப்பு, அதோடு பலிக்கவும் பலிக்காது. மருந்தில் ஊறிய தோலிலிருந்து சொட்டும் தண்ணீர் ஆய்வகக் குப்பிக்குள்ளும் கிருமியைக் கொல்லும் என்பது ஆய்வகக்காரர்களுக்குத் தெரியும். அமெரிக்க வேளாண் துறை இந்தச் சந்தேகத்தால்தான் 2016இல் மருந்தை முறிக்கும் கரைசலுக்கு மாறியது. நல்ல ஆய்வகம் எதுவும் அதைச் சேர்த்தே சோதிக்கும்.

ஒரு கோழியின் சுத்தமான அறிக்கையாலும் பெரிய பயனில்லை. ஐந்து கோழிக்கு ஒன்றில் கிருமி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஒரு கோழி சுத்தமாக வர 80 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதிர்ஷ்டத்துக்குப் பெயர் சான்றிதழ் ஆகாது. நான் சொல்லும் சோதனை வேறு. மெஷினிலிருந்து வந்ததும் ஐந்து கோழி, குடல் எடுத்ததும் ஐந்து, ஐஸுக்குப் பிறகு ஐந்து. ஒவ்வொன்றிலும் கழுத்துத்தோல் எடுக்கச் சொல்லுங்கள். தலைகீழாகத் தொங்கும் கோழியில் அழுக்குத் தண்ணீர் எல்லாம் வடிந்து சேரும் இடம் அது. சால்மொனெல்லா உண்டா இல்லையா என்பதைவிட எச்சம் பட்டதைக் காட்டும் குடல்கிருமியான ஈ.கோலையின் எண்ணிக்கை கேளுங்கள். செலவு குறைவு, எந்த இடத்தில் ஏறுகிறது என்றும் காட்டிக்கொடுக்கும். மாற்றம் செய்வதற்கு முன் ஒருமுறை, செய்து பத்து நாளில் ஒருமுறை. நாமக்கல்லிலும் சென்னையிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் இறைச்சி அறிவியல் துறைகளில் இதற்கு வழிகாட்டுவார்கள்.

ஓட்டல்காரர் எடுத்த தனியார் அறிக்கையை வைத்து உங்கள் மீது உடனே வழக்கு வராது. சட்டப்படியான மாதிரியை உணவுப் பாதுகாப்பு அலுவலர்தான் முறைப்படி எடுத்து முத்திரையிட வேண்டும். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பா வாங்கிய பதிவுச் சான்றிதழ் இருக்கிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிவு நாளுக்கு 50 கோழி வரைக்குமானது. 300 வெட்டும் கடைக்கு மாநில உரிமம் வேண்டும். கிருமியைவிட இது உங்களை முதலில் மாட்டிவிடும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் குறைந்தது 7 ஆண்டு சிறை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அப்படி ஒரு நாள் வந்தால், அறிக்கை கையில் கிடைத்த பிறகு இவர் என்ன செய்தார் என்றுதான் கேட்பார்கள். அதற்குக் காட்ட வெப்பக் குறிப்பும், தண்ணீர் மாற்றிய நேரமும், ஆய்வக அறிக்கைகளும் ஒரு நோட்டில் இருக்கவேண்டும். உரிமத்துக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

ஓட்டல்காரரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். சால்மொனெல்லாவே இல்லாத பச்சைக்கோழியை எந்நாளும் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள், யாராலும் முடியாது. என்னென்ன மாற்றுகிறீர்கள் என்று சொல்லி, மாற்றத்துக்கு முன் எடுத்த எண்ணிக்கையையும் பின் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அவர் பங்கையும் கேளுங்கள்: கோழி போனதும் குளிர்பெட்டிக்குப் போகிறதா, மசாலா தடவிய தட்டிலேயே வெந்த கோழியை வைக்கிறார்களா, வெங்காயம் நறுக்கும் பலகை எது, தொடையின் ஆழத்தில் 74 டிகிரி வருகிறதா. அவரிடமும் வெப்பமானி இருக்காது என்று பந்தயம் கட்டுவேன். இரண்டாக வாங்கிப் போய் ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். பத்து நாள் கழித்து வரும் எண்களை எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், அண்டாவின் வெப்பம் குறித்த தாளோடு.